பார்வைக்கான மூளைப் பகுதி சும்மா கிடக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம். பிறவியிலேயே பார்வை இல்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'இரண்டு பார்வை நரம்புகளும் மெலிந்துள்ளன. செப்டம் பெலுசிடம் இருக்கிறது. மூளையில் வேறு குறை தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். வெளிச்சம்கூடத் தெரிவதாகத் தோன்றவில்லை என்கிறார் கண் டாக்டர். "வேலை இல்லாத மூளை சுருங்கிப்போகும், புத்தியும் மந்தமாகிவிடும்" என்கிறார் மாமியார். என் கணவரோ, "காதும் கையும் தானாகவே கூர்மையாகிவிடும், கவலைப்படாதே" என்கிறார். யார் சொல்வது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி

பதில்: உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் அவசரமான ஒரு விஷயம். பார்வை நரம்பு மெலிந்து பிறக்கும் குழந்தைகளில் பலருக்கு, மூளையின் அடிப்பகுதியில் இருந்து உடலின் ஹார்மோன்களை ஆளும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றிலும் கோளாறு இருக்கிறது. செப்டம் பெலுசிடம் (மூளையின் நடுவில் உள்ள மெல்லிய தடுப்புச் சவ்வு) இருக்கிறது, படத்தில் பிட்யூட்டரியும் நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து இதைத் தள்ளிவிட முடியாது. குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். காலை வேளை கார்டிசால் (நோயைத் தாங்க உதவும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு ஹார்மோன்), டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி சுரப்பது), ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டுவது) ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வழக்கமாகக் கோட்டை விடுவது தைராய்டில்தான். டி.எஸ்.ஹெச். மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள். அதைச் சுரக்கிற பிட்யூட்டரியே பழுது என்றால் டி.எஸ்.ஹெச். எப்படி ஏறும்? ஃப்ரீ டி4 குறைந்திருக்கிறதா என்பதுதான் துப்பு.

கார்டிசால் குறைவாக உள்ள குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலிலேயே ரத்தச் சர்க்கரை இறங்கி ஆபத்தாக முடியலாம். காய்ச்சலிலோ வாந்தியிலோ குழந்தை துவண்டு வியர்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்று எல்லாம் சரியாக இருந்தாலும் ஹார்மோன்கள் பின்னால் குறையலாம் என்பதால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை அளந்து குறித்துவையுங்கள். உங்கள் மாமியார் பயப்படும் மந்தம், கவனிக்காமல் விட்ட தைராய்டுக் குறைவாலும் அடிக்கடி இறங்கும் சர்க்கரையாலும் வரக்கூடும். பார்வை இல்லாததால் மட்டும் புத்தி மந்தமாவதில்லை.

இனி மூளை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் ஸ்கேன்களில் பார்வை நரம்பும், அது சென்று சேரும் தலாமஸ் பகுதியும் (புலன்களின் செய்தியைப் புறணிக்கு அனுப்பும் இடம்) சிறுத்திருக்கும். தலையின் பின்பக்கம் உள்ள முதன்மைப் பார்வைப் புறணியின் (பார்வைக்கான மூளையின் வெளி அடுக்கு) பரப்பளவும் குறைந்திருக்கும். ஆனால் அதே புறணியின் தடிமன் பார்வை உள்ளவர்களைவிட அதிகமாக இருப்பதாக 2009-இல் வந்த ஆய்வு காட்டியது. பார்வைப் புறணியில் நரம்பு இணைப்புகளின் அடர்த்தி சுமார் 8 மாதத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு 11 வயதுக்குள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடும். நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துவிடுவது போன்ற வேலை அது. கண்ணிலிருந்து வரும் செய்திதான் எதை விடுவது, எதை எடுப்பது என்று தீர்மானிக்க உதவுகிறது. அது வராதபோது கழிப்பு அரைகுறையாக நின்றுவிடுகிறது, அதனால்தான் தடிமன் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஆக, தடிமனை வளர்ச்சி என்று கொண்டாடவும் வேண்டாம், பரப்பளவு குறைந்ததைச் சேதம் என்று பயப்படவும் வேண்டாம்.

அந்தப் பகுதி சும்மா இருப்பதும் இல்லை. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது பார்வைப் புறணி இயங்குவதை 1996-இல் சடாட்டோ என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். மறு ஆண்டே இன்னொரு குழு, தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து அந்தப் பகுதியைச் சற்றுக் குழப்பிப் பார்த்தது. பிரெயில் படிப்பதில் பிழைகள் வந்தன. 2000-இல் வெளியான ஒரு நோயாளி விவரம் இன்னும் தெளிவானது. பிறவியிலேயே பார்வையற்ற, சரளமாகப் பிரெயில் படித்துவந்த ஒரு பெண்ணுக்கு மூளையின் பின்பக்கம் இருபுறமும் பக்கவாதம் தாக்கியது. விரலில் புள்ளிகள் உணர்வாகத் தெரிந்தன. படிக்க மட்டும் முடியவில்லை. மொழியைப் புரிந்துகொள்வதிலும் சொற்களை நினைவில் வைப்பதிலும் அந்தப் பகுதி சேர்ந்துகொள்கிறது என்று பின்னாளில் தெரிந்தது.

உங்கள் கணவர் சொல்வதில் 'தானாகவே' என்ற சொல்தான் தவறு. சிறுவயதில் பார்வை இழந்தவர்கள் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டுபிடிப்பதில் மற்றவர்களை மிஞ்சுகிறார்கள். ஆனால் மூன்று இடங்களிலிருந்து வரும் ஒலிகளில் நடுவில் உள்ளது எதற்கு அருகில் என்று கேட்டால், பிறவியிலேயே பார்வையற்றவர்கள் திணறுகிறார்கள். காதுக்கு இடத்தைக் கற்றுக்கொடுப்பதில் கண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் மகளுக்கு அந்த வேலையைக் கைதான் செய்ய வேண்டும்.

கிலுகிலுப்பை ஆட்டியதும் அவள் கை நீட்டவில்லையே என்று கலங்காதீர்கள். சத்தத்தை மட்டும் நம்பிக் கை நீட்டுவது இந்தக் குழந்தைகளுக்கு முதல் வயதின் கடைசியில்தான் வரும். பொருளை ஒலிக்கச் செய்து, ஒலிக்கும்போதே அவள் புறங்கையில் தொடுங்கள். பிறகு அவள் கையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, 15 விநாடி வாயே திறக்காமல் காத்திருங்கள். அவள் விரலைப் பிடித்து இழுத்துப் பொருள்மேல் வைக்காதீர்கள். கையை உள்ளே இழுத்துக்கொள்ளப் பழகிவிடுவாள். உங்கள் கையை அவள் கைக்கு அடியில் வைத்து, அவளே உங்கள் விரல்களைத் தடவிக்கொண்டு வரட்டும்.

டென்மார்க்கில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் கற்பித்த லில்லி நீல்சன் வகுத்தது 'சின்ன அறை' முறை: குழந்தையைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் பொருள்களைத் தொங்கவிட்ட சிறு பெட்டி. அதே யோசனையை வீட்டிலேயே எளிதாகச் செய்துபார்க்கலாம். அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு கரண்டி, மழுங்கத் தேய்த்த கொட்டாங்கச்சி, சாவிக்கொத்து. விளிம்பு தடுப்பதால் பொருள் உருண்டு ஓடாது; தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். வாய்க்குள் போகிற அளவில் எதுவும் வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள். பொருள்களைச் சில வாரங்களாவது இடம் மாற்றாமல் வையுங்கள். அவள் துழாவும்போது "அடடே, என் தங்கம்" என்று பேசாதீர்கள். உங்கள் குரல் பக்கம் திரும்பி, கையில் இருப்பதை விட்டுவிடுவாள். டிவி அணைந்திருக்கட்டும். நாள் முழுக்க ஓடும் சீரியல் சத்தத்தில் இந்தச் சின்ன ஒலிகள் காதில் விழாது.

பிரெயிலை 'பள்ளிக்கூடம் போகட்டும், பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள். செல்போன் வாசித்துக் காட்டும் காலத்தில் அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ல, ள, ழ எழுத்தில் எது எங்கே வரும் என்பது காதில் கேட்டு வராது.

பார்வை நரம்பு மெலிவுக்கு ஸ்டெம்செல் ஊசி என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். பலன் தருவதாக நிரூபணம் இல்லை. மாறாக, இந்தக் குறை உள்ள சில குழந்தைகளுக்கு முதல் சில ஆண்டுகளில் ஓரளவு பார்வை தானே கூடுவதுண்டு. அதனால் 6 மாதத்துக்கு ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சிக்கு உங்கள் மாவட்டத்துக்கான டி.இ.ஐ.சி. எனப்படும் அரசு ஆரம்பநிலைப் பயிற்சி மையம் எங்கே என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். அங்கே சேவை இலவசம். போகும்போது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட், கண் டாக்டர் சீட்டு, ஹார்மோன் பரிசோதனை முடிவு, உயரம் எடை குறித்த தாள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எடுத்துச் செல்லுங்கள்.