வேக் மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. 15 வருடமாகச் சுகர். இடது காலில் நடுவிரல் சீழ் பிடித்துக் கறுத்துப்போய், பத்து நாளுக்கு முன் எடுத்துவிட்டார்கள். தையல் போடாமல் புண்ணைத் திறந்தே விட்டு ‘வேக்’ மெஷின் மாட்டியிருக்கிறார்கள். இனி வீட்டுக்குப் போகலாம், தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷினை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியுமா? மெஷினே சீழை இழுத்துவிடும் என்றால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா? அமெரிக்காவில் ‘ஸ்மார்ட் பேண்டேஜ்’ வந்துவிட்டதாமே, அது இங்கே கிடைக்குமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் தப்பு செய்தால்தான் காலுக்கே ஆபத்து. ஆன்டிபயாடிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேக் மெஷின் புண்ணில் ஊறும் நீரை இழுக்கும். சதைக்குள் இறங்கிவிட்ட கிருமியை அதனால் கொல்ல முடியாது. தொற்று சதையோடு நின்றிருந்தால் மருந்து ஒன்றிரண்டு வாரம் தேவைப்படும். எலும்புக்குள் போய், அந்த எலும்பை எடுக்காமல் விட்டிருந்தால் ஆறு வாரம்கூட ஆகலாம். எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்த மெஷினுக்கான கட்டைப் பிரித்து மாற்றும்போது அருகில் நின்று பார்த்திருப்பீர்கள். கறுப்பு ஸ்பாஞ்சைப் புண்ணின் அளவுக்குக் கத்தரித்து உள்ளே வைத்து, மேலே ஒட்டும் ஃபிலிமைப் போட்டு, நடுவில் ஓட்டை போட்டு டியூபைப் பொருத்துவார்கள். மெஷினைப் போட்டதும் உப்பியிருந்த ஸ்பாஞ்ச் காய்ந்த திராட்சை போலச் சுருங்கி இறுகும். வழக்கமாக 125 மி.மீ. பாதரச அளவுக்கு இழுவை வைப்போம். நீர் வெளியேறி வீக்கம் வடிகிறது, புண்ணின் ஓரங்கள் உள்பக்கம் இழுபடுகின்றன, ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் மெல்ல இழுபடும் சதை அந்த இழுவையாலேயே வளரத் தூண்டப்படுகிறது. இந்த முறையை 1997-ல் உலகுக்குச் சொன்னவர்கள் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர். அவர்கள் இருந்தது அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில். பலர் அதனால்தான் இந்தப் பெயர் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, மெஷினின் ‘வேக்’, வெற்றிடத்தைக் குறிக்கும் ‘வேக்குவம்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

உங்கள் அம்மாவுக்கு இது தேவையா? தேவைதான் என்றே நினைக்கிறேன். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுக் குழு 2023-ல் சொன்னதும் இதுதான்: அறுவை சிகிச்சைக்குப் பிறகு திறந்து விட்ட பாதப் புண்ணுக்கு வேக்கை யோசிக்கலாம், தானாக வந்த சாதாரண சுகர் புண்ணுக்கு வேண்டாம். அம்மாவுடையது முதல் வகை. ஆனால் வாடகைக்குப் பணம் கட்டுவதற்கு முன் டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கறுத்த, அழுகிய சதை எல்லாம் வெட்டி எடுத்தாகிவிட்டதா? மிச்சமுள்ள எலும்பில் தொற்று இருக்கிறதா, அதற்கு வைத்தியம் நடக்கிறதா? டாப்ளர் ஸ்கேனில் பாதத்துக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? அழுகிய சதை மேல் ஸ்பாஞ்சை வைத்து மூடினால், சீழை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரிதான். ரத்தமே போகாத காலில் எந்த மெஷினும் சதை வளர்க்காது. முதலில் அடைப்பை எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் முடியுமா என்றால், முடியும். அதற்கு ஓரளவு தைரியமான ஒரு ஆள் எப்போதும் பக்கத்தில் வேண்டும். உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த ரத்த மாத்திரைதான். வேக்கில் அரிதாக வரும் பெரிய ஆபத்து ரத்தப்போக்கு. உயிரிழப்புகள் நடந்ததால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009-லும் 2011-லும் எச்சரிக்கை விட்டது. உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்பது அதில் உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் பெயர் சொல்லி நினைவுபடுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். டியூபில் புது ரத்தம் ஓடுவது தெரிந்தால், அல்லது நீர் சேரும் டப்பா மளமளவென்று சிவப்பாக நிறைந்தால், மெஷினை நிறுத்துங்கள். கட்டைப் பிரிக்காதீர்கள். அப்படியே மேலிருந்து அழுத்திப் பிடித்து, காலைத் தூக்கி வைத்து, 108-க்கு போன் செய்யுங்கள். இளஞ்சிவப்பாக வடியும் நீருக்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, மெஷினின் அலாரம். என்னிடம் வந்த ஒரு பெரியவர், ராத்திரி பீப் பீப் என்று கத்துகிறதே என்று தினமும் பத்து மணிக்கு ஆஃப் செய்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது அந்த அறையில் யாரும் நிற்க முடியவில்லை. இழுவை நின்ற ஸ்பாஞ்ச் என்பது காலுக்குள் வைத்த ஈரப்பஞ்சு, அவ்வளவுதான். ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெஷின் நிற்கக் கூடாது. அதற்கு மேல் நின்றுவிட்டால் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுச் சாதாரண ஈரக்கட்டுப் போட வேண்டும். இதை நர்ஸிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். அலாரம் பெரும்பாலும் காற்றுக் கசிவால்தான் வரும். காதை வைத்தால் ‘உஸ்’ என்று கேட்கும், அந்த இடத்தில் இன்னொரு துண்டு ஃபிலிமை ஒட்டினால் அடங்கிவிடும். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் வாடகைக்காரரிடம் கேட்டு வையுங்கள்.

கட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தொற்று இருந்தால் இன்னும் சீக்கிரமாக. மாற்றும்போது உள்ளே வைத்த ஸ்பாஞ்ச் எத்தனை துண்டு என்று ஃபிலிமின் மேலேயே மார்க்கரில் எழுதச் சொல்லுங்கள். வேறு எங்கோ கட்டுப் போட்டு வந்த ஒருவரின் புண் ஒரு மாதமாக ஆறவில்லை. தோண்டிப் பார்த்தால் பட்டாணி அளவு ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று சதைக்குள் புதைந்து கிடந்தது.

அப்புறம், டியூப் உள்ளங்காலுக்கு அடியில் வரக் கூடாது. அதை மிதித்து நடந்தால் புதுப் புண் வரும், சுகர் காலில் வலியும் தெரியாது. ஸ்பாஞ்சைப் பாலம் மாதிரி நீட்டிப் பாதத்தின் மேல்பக்கம் கொண்டுவந்து டியூபைப் பொருத்தலாம். தோளில் மாட்டும் மெஷின் என்றதும் நிறைய பேர் ‘அப்படியானால் நடக்கலாம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாத்ரூமுக்குப் போகலாம், கோயிலுக்கு வேண்டாம். முன்பாதம் தரையில் படாத, குதிகாலில் மட்டும் நிற்கும் செருப்பு ஒன்றை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்டால் மெஷினுக்குச் சமமான கருவி அது. வேலூரில் தொழுநோயாளிகளின் பாதங்களைப் பார்த்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாததால்தான் புண் ஆறாமல் போகிறது என்று கண்டு, மாவுக்கட்டுப் போட்டே எத்தனையோ புண்களை ஆற்றினார். இன்றைக்கு உலகம் முழுக்கச் சுகர் புண்ணுக்கு அந்த வகைக் கட்டுப் போடுகிறார்கள்.

ஸ்மார்ட் பேண்டேஜ் நிஜம்தான், ஆனால் கடைக்கு வரவில்லை. 2023-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வெய் காவ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் செய்த பேண்டேஜ், புண் நீரைச் சோதித்து, மருந்தை விடுவித்து, லேசான மின்தூண்டலும் கொடுத்தது. அதெல்லாம் நடந்தது எலிகளில். 2025-ல் அதே குழு ஆறாத புண் உள்ள 20 பேரிடம் ஒரு பேண்டேஜைச் சோதித்தது. அது புண் நீரில் நைட்ரிக் ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்றவற்றை அளந்து, அழற்சியா தொற்றா என்று சொல்லப் பார்க்கிறது. வைத்தியம் செய்வதில்லை.

அது வரும்வரை உங்கள் போனை வைத்தே கொஞ்சம் சமாளிக்கலாம். ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் புண்ணுக்குப் பக்கத்தில், சுத்தமான கவரில் போட்ட ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, அதே தூரத்திலிருந்து போட்டோ எடுங்கள். இரண்டு வாரப் படங்களை வரிசையாகக் காட்டினால், வாடகையை நீட்டிப்பதா, மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோல் வைத்து மூடுவதா என்று உங்கள் டாக்டரால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடியும். இடையில் காய்ச்சலோ, கணுக்காலைத் தாண்டிச் சிவப்போ, கெட்ட வாடையோ வந்தால் அந்த இரண்டு வாரத்துக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.