ஓவியத்தைப் பல வருடம் விட்டவர்கள் மறுபடி எப்படி ஆரம்பித்தீர்கள்?

ஜன்னல் உடைந்ததால் ஆரம்பித்தேன்.

பள்ளியில் ஓயாமல் வரைந்தவள் நான். வேலை, கல்யாணம், குழந்தை என்று பன்னிரண்டு வருடம் பென்சில் பக்கமே போகவில்லை. நடுவில் இரண்டு தடவை நல்ல தாள் வாங்கிவந்து உட்கார்ந்தேன். கோடு போடுவேன், பழைய கை இல்லை, அழிப்பேன். தாள் நைந்ததுதான் மிச்சம்.

குன்னூரில் ஆடிக் காற்று கேட்கவா வேண்டும்? ஒருநாள் அடுக்களை ஜன்னல் போயிற்று. அளவை எழுதிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடை அண்ணன் கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்து, இரண்டு கையாலும் மெல்ல மடக்கினார். கோட்டோடு பிரிந்தது. "வெட்டறதுன்னு ஒண்ணும் இல்லம்மா. கீறல் போடறோம், அது வழியா உடையுது. அதே கோட்டுல ரெண்டாவது தடவை இழுக்கக் கூடாது, கட்டர் கெட்டுடும்" என்றார். ரப்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளுக்கு இது போதாதா! கழிவில் கிடந்த கலர்த் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன்.

அப்புறம் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குப் போனபோது (1829-ல் அடிக்கல் நாட்டியது, உத்தர மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை) முதல்முறையாகக் கலர்க் கண்ணாடி ஜன்னல்களில் நிறத்தை விட்டுவிட்டுக் கறுப்புக் கோடுகளைப் பார்த்தேன். அந்த மாதிரி ஜன்னல்களில் கோடு என்பது ஈயப்பட்டை. அதன் இரண்டு பக்கக் காடியிலும் கண்ணாடி செருகி நிற்கும். நிறம் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, நீலத்துக்குக் கோபால்ட் என்கிற மாதிரி. முகம், துணி மடிப்பு மட்டும் மேலே தீட்டிச் சூளையில் சுடுவார்கள். ஆக, கோட்டை எங்கே விடுவது என்பதுதான் பாதி வேலை.

கலர்த் துண்டுகளைச் சேர்த்துப் படமாக்க நான் செய்வது செப்பு டேப் முறை. துண்டின் ஓரத்தைத் தேய்த்து, டேப் சுற்றி, பிளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்கான பூச்சு) தடவி, ஈயம் பற்றவைக்க வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் டேப் சுற்றி நாள்கணக்கில் விட்டால் செம்பு கறுத்துவிடும், ஈயம் ஒட்டாது. இரும்பு நாரால் தேய்த்தாக வேண்டும். ஈய வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

முதலில் செய்தது நீலகிரிச் சிரிப்பான் பறவை. கழுத்துக்குப் பின்னால் வானத்துக்கு வைத்த நீலத் துண்டில் உள்வளைவு வந்தது. நான்கு தடவையும் வளைவிலேயே விரிசல் ஓடிவிட்டது. உள்ளே வளைகிற கோடு கண்ணாடிக்கு ஆகாது. சலித்துப்போய் வானத்தையே குறுக்கே ஒரு கோட்டால் பிரித்தேன். கோட்டோடு சரியாக உடைந்தது. பார்த்தால் அந்தக் கோடு பறவை உட்காரும் கிளையாகிவிட்டது! இதற்காக மாதிரி வரைந்து வரைந்து ஒரு நோட்டு முழுக்கத் தீர்ந்திருந்தது, அதில் ரப்பரைத் தொட்டதாகவே நினைவில்லை.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பறவை நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா உங்க ஜன்னலுக்கு ரெண்டு இஞ்ச் குறையுதே" என்றார்.