தாலி கட்டிய வீடியோ மட்டும் இல்லை என்கிறார் போட்டோகிராஃபர்

கேள்வி: நான் மஸ்கட்டில் வேலை செய்கிறேன். ஊர் விளவங்கோடு வட்டம். 14 மாதத்துக்கு முன்பு மார்த்தாண்டம் பக்கத்து சர்ச்சில் தங்கையின் கல்யாணம் நடந்தது. களியக்காவிளை தாண்டி கேரளப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் போட்டோ, வீடியோ, இரண்டு ஆல்பம் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் பேசி முடித்தேன். அட்வான்ஸ் 50,000 ஜிபேயில் அனுப்பினேன். கல்யாணத்தன்று அப்பா 50,000 ரொக்கமாகக் கொடுத்தார், ரசீது இல்லை. மீதி 40,000 ஆல்பம் வரும்போது தருவதாகப் பேச்சு. மூன்று மாதத்தில் தருகிறேன் என்றவர் இதுவரை தந்தது லிங்கில் 60 படங்கள் மட்டும். கேட்டால், சர்ச் வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சு என்கிறார். மற்ற படங்களின் ஒரிஜினல் வேண்டுமென்றால் 25,000 கூடுதலாகக் கேட்கிறார். இதற்கிடையில் தங்கையின் படத்தை இன்ஸ்டாகிராமில் தன் விளம்பரத்துக்குப் போட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்த ஐந்தாம் மாதம் பாட்டி தவறிவிட்டார். பாட்டி கலந்துகொண்ட கடைசி விசேஷம் அதுதான். போலீசில் சீட்டிங் கேஸ் கொடுக்கலாமா? அடுத்த வருஷம் இளைய தங்கைக்கும் கல்யாணம். அதற்கு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: போலீஸ் ஸ்டேஷனுக்கு இப்போது போக வேண்டாம். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் மோசடி என்று நிற்க வேண்டுமானால், பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இவர் வந்தார், நாள் முழுக்கப் படம் எடுத்தார், 60 படங்களும் தந்தார். ஸ்டேஷனில் 'இது சிவில் மேட்டர்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதோடு, படங்கள் இன்னும் அவர் கையில் இருக்கின்றன. ஆத்திரத்தில் அவர் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால் எந்தக் கோர்ட்டும் அதைத் திரும்ப எடுத்துத் தர முடியாது. ஆகவே படங்களைக் காப்பாற்றும் வேலை முதலில், நஷ்டஈடு அதற்குப் பிறகு.

அந்த வேலையை வீட்டிலிருந்தே தொடங்குங்கள். நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் தனியாக ஒரு கேமராக்காரரைக் கூட்டி வருவது வழக்கம். தாலி கட்டும்போது அவரும் பக்கத்தில்தான் நின்றிருப்பார். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்றே மைத்துனரிடம் கேளுங்கள். சர்ச்சிலிருந்து யூடியூபில் லைவ் போயிருந்தால் அந்த வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டூடியோக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: கெட்டுப்போன டிஸ்க் எங்கே இருக்கிறது, டேட்டா மீட்பவர்களிடம் கொடுத்தாரா, மெமரி கார்டுகளை எப்போது அழித்தார்? கெட்டதாகச் சொல்லும் பல டிஸ்குகளிலிருந்து விவரம் தெரிந்தவர்கள் படங்களை எடுத்துவிடுகிறார்கள். அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் அவர்தான்.

25,000 ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். பலர் அறியாத ஒன்று இது. காப்புரிமைச் சட்டம் (காப்பிரைட் ஆக்ட்) 1957, 17(ஆ) பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் முதல் உரிமையாளர் அந்த ஒருவரே. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் இது மாறும். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, வாட்ஸ்அப் பேச்சிலும் உரிமை பற்றி எதுவும் இல்லை என்றால் உரிமை உங்களுடையது. படங்களை விளம்பரத்துக்குப் போட உங்கள் அனுமதி வேண்டும், நீக்கச் சொல்லலாம், இன்ஸ்டாகிராமிலேயே காப்புரிமைப் புகாரும் கொடுக்கலாம். நீக்கச் சொல்வதற்கு முன் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். (அண்ணன் பேசி எடுத்த படத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு உரிமை கிடையாது என்றும் இந்தப் பிரிவை வாசிக்கலாம். தயவுசெய்து அதை அங்கே போய்ச் சொல்லாதீர்கள்.) காப்புரிமை இருப்பதாலேயே ரா ஃபைல் (கேமராவில் பதிவான மூல ஃபைல்) முழுவதையும் கூலி இல்லாமல் தந்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. ஆனால் பேசிய தொகைக்குள் எது அடங்கும் என்பதை, 14 மாதம் கழித்து அவர் மட்டும் மாற்றிச் சொல்ல முடியாது.

வழக்கு என்று வந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. ஸ்டூடியோ கேரளத்தில் இருப்பதால் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைய வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பணம் கொடுத்தவரைப் போலவே, அவர் சம்மதத்துடன் சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான் என்பதால் தங்கை பெயரில் போடுங்கள். நீங்கள் மஸ்கட்டில் இருந்துகொண்டு வாய்தா வாய்தாவாக விமானம் ஏற வேண்டாம். தங்கைக்கு இன்னொரு வசதியும் உண்டு: பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987 வழி செய்கிறது. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் கேளுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். (இதை எழுதுபவன் வக்கீல் என்பதை மறந்துவிடுங்கள்.)

காலக்கெடு இரண்டு வருடம். அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பின்னால் தகராறு வரக்கூடும். பத்திரமாகக் கல்யாண நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் இன்னும் 10 மாதம் கையில் இருக்கிறது. அதற்கு முன் ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாளில் எல்லாப் படங்களையும் தர வேண்டும், ஒரு ஃபைலையும் அழிக்கக் கூடாது, தரும் அன்றே மீதி 40,000 ரூபாயைத் தரத் தயார் என்று அதில் இருக்க வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 'பாக்கி தரவில்லை, அதனால் தரவில்லை' என்ற அவர் வாயை அடைப்பது அதுதான். பதில் வராவிட்டால் புகாரோடு சேர்த்து, படங்களை அழிக்கக் கூடாது என்று நுகர்வோர் சட்டத்தின் 38(8)-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

உங்கள் பக்கம் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. ஒன்று, ரசீதில்லாத 50,000. சேவைக்கு ரசீது தராததே நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கைதான். ஆனாலும் தொகை கொடுத்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும். 'அப்பா தந்த 50,000 போக மீதி 40' என்று வாட்ஸ்அப்பில் எங்காவது பேசியிருக்கிறீர்களா, தேடுங்கள். அந்தப் போனை மாற்றாதீர்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலைப் பிரிண்ட் எடுத்து, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவில் மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழோடு தாக்கல் செய்வது நல்லது. இரண்டாவது, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துத் தந்தீர்களா? என்னிடம் வரும் கல்யாண ஆல்பத் தகராறுகளில் ஸ்டூடியோக்காரர் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்: 'செலக்‌ஷன் தரவே இல்லை சார்.' 60 படத்திலிருந்து இரண்டு ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது உங்கள் பதில். அதை இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பாட்டியின் படங்களுக்கு விலை போட முடியாது. ஆனால் மன உளைச்சலுக்கான இழப்பீடு கேட்கும்போது அதைக் கட்டாயம் எழுத வேண்டும். 'மன வேதனை அடைந்தோம்' என்ற பொது வாக்கியத்தைவிட, பாட்டி இறந்த தேதியும், அதற்குப் பிறகு படம் கேட்டு நீங்கள் அனுப்பிய மெசேஜும் ஆணையத்தில் எடுபடும்.

இளைய தங்கை கல்யாணத்துக்கு நீளமான ஒப்பந்தம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். யார் நேரில் வந்து எடுப்பார் என்று பெயர் எழுதுங்கள். மலையாளத்துச் சிங்கம் மாதம், நம் ஆவணி முகூர்த்த நெரிசலில் ஒரே நாளில் மூன்று கல்யாணத்தை ஒப்புக்கொண்டு பையன்களை அனுப்பிவைப்பவர்கள் இருக்கிறார்கள். கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகுமா என்று கேளுங்கள். எல்லா ஒரிஜினலும் ஒரு வாரத்தில் உங்கள் ஹார்ட் டிஸ்கில் வந்தாக வேண்டும், ஆல்பம் பிறகு மெதுவாக வரட்டும். இன்ஸ்டாகிராமில் போட எழுத்து அனுமதி வேண்டும் என்றும் சேருங்கள். முன்மாதிரி பார்க்கும்போது முட்டம் பாறையிலும் மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் எடுத்த பத்து அழகான படங்களைக் காட்டுவார்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், சர்ச்சுக்குள் மங்கிய வெளிச்சத்தில் என்ன செய்திருக்கிறார் என்று தெரியும்.

நோட்டீஸ் கண்டு அவர் டிஸ்கைக் கொண்டுவந்தால், பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன் ஃபைல் எண்களைப் பாருங்கள். கேமரா வரிசையாக எண் போடும். 4120-க்கு அடுத்து 4890 என்று தாவினால் நடுவில் எதையோ நீக்கியிருக்கிறார்கள், அல்லது தரவில்லை. அந்த இடைவெளியைக் குறித்து, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.