மறு: மேடைக் குறுக்குவில்லில் நாண் நழுவுகிறது

நாடகத்துக்காக ஒட்டுப்பலகையில் செய்த மாதிரிக் குறுக்குவில்லில் (கட்டையின் முனையில் வில்லைக் குறுக்காகப் பொருத்திய ஆயுதம்) நாண் நிற்கவில்லை, பேசாமல் மலேசியாவின் ஜொகூரிலிருந்து நிஜ வில்லையே வாங்கி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் அதற்குப் போலீஸ் அனுமதி வேண்டும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கோளாறு உருளையில்தான். ஐரோப்பியக் குறுக்குவில்லில் நாணைப் பிடிப்பது மான்கொம்பில் கடைந்த சிறு உருளை. மேலே நாணைக் கவ்வ இரண்டு பற்கள். அடியில் ஒரு பள்ளம், அதில் விசைத்தண்டின் (அழுத்தினால் நாணை விடுவிக்கும் நெம்புகோல்) நுனி முட்டி நிற்கும். அழுத்தம் முழுக்க அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் விழுகிறது. ஒட்டுப்பலகை அங்கே அடுக்கடுக்காகப் பிய்ந்துபோகும். அக்காலத்துக் கைவினைஞர்களே அவ்விடத்தில் இரும்புத் துண்டு பதித்தார்கள். நீங்கள் 2 மி.மீ. தகடு ஒன்றைப் பதித்து எபோக்சியால் ஒட்டுங்கள். நாண் வில்லின் நடுக்கட்டையின் மேற்பரப்பை உரசியபடி இருக்கட்டும். தூக்கி நின்றால் பல்லைத் தாண்டிக் குதித்துவிடும்.

நாணுக்கு நைலான் கயிறு எதற்கு? தையல் கடை எலாஸ்டிக் போதும், வில்லுக்கும் சுமை குறையும். மேடையில் அம்பு வைக்காதீர்கள், பின்வரிசைக்கு அது தெரியவே தெரியாது. (நிஜ வில்லை மட்டும் அம்பில்லாமல் விடக்கூடாது. விசை போக இடமின்றி வில்லோ நாணோ முறிந்துவிடும்.)

ஜெர்மானிய வீரன் வசனத்தில் குறுக்குவில்லை ‘ஆர்ம்ப்ருஸ்ட்’ என்பது சரியே. ஜெர்மன் மொழியில் கை (ஆர்ம்), மார்பு (ப்ருஸ்ட்) என்று காதில் விழுந்தாலும் மூலம் லத்தீனின் ‘ஆர்குபல்லிஸ்டா’: ஆர்குஸ் வில், பல்லிஸ்டா எறிபொறி. பிரெஞ்சு ‘ஆர்பலேத்’தும் அதிலிருந்து வந்ததுதான்.