ரிம் லாக்கைக் கழற்றலாமா, வேண்டாமா?

கேள்வி: என்னிடம் ஸ்போக் சக்கரம் கொண்ட பழைய பைக் ஒன்று இருக்கிறது. பின் டயரை மாற்றக் கழற்றியபோது, ரிம்முக்குள் ரப்பர் போர்த்திய ஒரு கட்டையும் அதிலிருந்து வெளியே நீளும் போல்ட்டும் இருந்தன. "இது ரிம் லாக். இந்தக் காலத்து டயருக்குத் தேவையே இல்லை, தூக்கிப் போடுங்கள்" என்கிறார் மெக்கானிக். தார்ச்சாலையில் மட்டும்தான் ஓட்டுகிறேன். கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றலாம். ஆனால் அதற்கு மெக்கானிக் சொன்ன காரணம் பாதிதான் சரி. டயர் புதியதா பழையதா என்பதைவிட, அதில் எவ்வளவு காற்று வைத்து ஓட்டுகிறீர்கள் என்பதே முக்கியம்.

டயரை ரிம்மோடு பிடித்துவைப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். காற்றழுத்தம் டயரின் ஓரங்களை ரிம்மின் விளிம்போடு அழுத்தி வைக்கிறது. காற்று குறைந்தால் அந்தப் பிடி தளரும். அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் ரிம் முந்திக்கொள்ளும், டயர் பின்தங்கும். பிரேக் பிடித்தால் டயர் எதிர்ப்பக்கமாக நகரும். உள்ளே இருக்கும் டியூபும் டயரோடு சேர்ந்து நகரும். வால்வு மட்டும் ரிம்மின் துளையில் மாட்டிக்கொண்டு போக வழியில்லாமல் நிற்கும். முதலில் சாயும், பிறகு அடியோடு பிய்ந்துவிடும். பஞ்சரென்றால் ஒட்டுப் போடலாம். வால்வு பிய்ந்த டியூபைக் குப்பையில்தான் போட வேண்டும். இப்படி நடக்காமல் டயரின் இரண்டு ஓரங்களையும் ரிம்மோடு சேர்த்து நெருக்கிப் பிடிப்பதற்காக வந்ததுதான் ரிம் லாக்.

சேற்றிலும் மணலிலும் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்றில் ஓட்டுகிறவர்கள் இதைக் கழற்றவே கூடாது. சாலையில் 28, 30 என்று வைத்து, ஒழுங்காகச் சோதித்தும் வந்தால், அந்த அழுத்தமே டயரைப் பிடித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் காற்றே பார்க்காத ஆள் என்றால், பழக்கம் மாறும்வரை லாக் உள்ளேயே இருக்கட்டும்.

அப்படியே விட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எடைதான் சிக்கல். 150 கிராம் எடையுள்ள ஒரு லாக்கை 18 அங்குல ரிம்மில் வைத்து, எதிரே ஈடு எடை எதுவும் போடாமல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அது சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறக்குறைய 25 கிலோ. வினாடிக்குச் சுமார் 14 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு குத்து. வேகம் 50 ஆகக் குறைந்தால் விசை கால் பங்காகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத ஆட்டம் நெடுஞ்சாலையில் தெரிவது இதனால்தான். இந்த ஆட்டத்தைப் பார்த்து, சக்கரத்தின் பேரிங் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றியவர்களும் உண்டு!

லாக்கை வைத்திருப்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய ஸ்போக் ரிம் பலவற்றில், டயரின் ஓரம் ரிம்மின் நடுவில் இருக்கும் பள்ளத்துக்குள் நழுவாமல் தடுக்கும் மேடு கிடையாது. ஓட்டத்தில் சட்டென்று காற்று இறங்கினால், லாக் டயரைக் கொஞ்சமாவது நிறுத்திவைக்கும். அதை நம்பி வைத்திருக்க விரும்பினால் நான் குறை சொல்லமாட்டேன். எதிரே ஸ்போக்கில் எடை மாட்டிச் சக்கரத்தைச் சமன் செய்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் ஓட்டத்துக்கு, நானாக இருந்தால் கழற்றிவிடுவேன். வழியில் டியூப் மாற்ற நேர்ந்தால் வேலை குறையும்.

கழற்றினால் ரிம்மில் ஒரு துளை மிஞ்சும். பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் உள்ளே போய் ஸ்போக்கை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிள்கள் துருப்பிடிக்கும்; டியூபும் அந்தத் துளைக்குள் பிதுங்கி, நாளடைவில் உரசிக் கிழியும். துளையின் ஓரத்தை அரத்தால் மழுக்கி, வெளியே ரப்பர் மூடி போட்டு, உள்ளே ரிம் டேப் (டியூபைக் காக்க ரிம்மைச் சுற்றிப் போடும் பட்டை) அந்த இடத்தை முழுதாக மறைக்கும்படி சுற்றுங்கள். முன்பு ஓட்டியவர் லாக்குக்கு எதிரே எடை மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். மறந்தால் அதே ஆட்டம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். இரண்டு லாக் இருந்தால் இரண்டையும் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் சமன் கெடும்.

வைத்துக்கொள்வதானால் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, உள்ளிருக்கும் தகடு வெளியே தெரிந்தாலோ அதுவே டியூபைக் கிழிக்கும், புதியது போடுங்கள். டயர் ஏற்றும்போது போல்ட்டை உள்ளே தள்ளிப் பிடித்து, டயரின் ஓரம் லாக்குக்கு அடியில் போய் உட்கார்ந்ததா, டியூப் நடுவில் சிக்கியதா என்று பார்க்க வேண்டும். காற்று அடித்து டயர் சீராக உட்கார்ந்த பிறகே நட்டை இறுக்குங்கள். நீளமான ஸ்பானர் போட்டு முறுக்கினால் ரிம் நெளியும்.

கழற்றிய பிறகு டயரிலும் ரிம்மிலும் தொடர்ச்சியாக ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் கோடு விலகினால் டயர் நகர்கிறது என்று பொருள். லாக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள். வால்வின் நட்டையும் ரிம்மோடு இறுக்காமல் மூடியின் பக்கம் ஏற்றி வையுங்கள். அப்போதுதான் வால்வு சாய்வது பிய்வதற்கு முன்பே கண்ணில் படும்.