நான்கு பூனைகளையும் ஜெர்மனிக்கு அழைத்துச் செல்ல முடியுமா?

வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன, வேலை நிமித்தம் ஜெர்மனிக்குக் குடிபெயர்கிறோம், நான்கையும் அழைத்துச் செல்ல முடியுமா, அல்லது இரண்டை மட்டுமாவது உறவினரிடம் விட்டுவிட்டு வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் அழைத்துச் செல்லலாம். நானும் என் கணவரும் மீனு, கருப்பன், செல்லி, வெள்ளையன் ஆகிய நால்வரோடுதான் ஃபிராங்ஃபர்ட்டில் வந்து இறங்கினோம். விற்பனைக்காக அல்லாமல் சொந்தமாக வளர்க்கும் விலங்குகளை ஒரு பயணத்தில் ஐந்து வரை கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. ஆனால் பல பூனைகள் உள்ள வீட்டில் பயணத் தேதியை நீங்கள் முடிவு செய்ய முடியாது. எந்தப் பூனை பின்தங்குகிறதோ அதன் தேதிதான் எல்லோருடைய தேதியும்.

இதை நான் செல்லியிடம் கற்றுக்கொண்டேன். முதலில் ஒவ்வொரு பூனைக்கும் தோலுக்கடியில் அடையாள எண் கொண்ட, ஐஎஸ்ஓ (சர்வதேச) தரத்திலான மைக்ரோசிப் பொருத்த வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அதற்குப் பிறகுதான், அல்லது அதே நாளில் சிப்பை அடுத்துப் போடப்பட வேண்டும். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. ஏற்கெனவே ஊசி போட்டாயிற்று என்று பலர் நிம்மதியாக இருந்து ஏமாறுவது இங்கேதான். ஊசி போடும்போது பூனைக்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்க வேண்டும். அடுத்தது ரத்தப் பரிசோதனை. இந்தியாவும் இலங்கையும் ஒன்றியத்தின் பாதுகாப்பான நாடுகள் பட்டியலில் இல்லாததால், ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தத்தில் ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகே பயணம். சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து நேராக வருவோருக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருந்தால் போதும்.

மூன்று பூனைகளுக்கு முடிவு நன்றாக வந்தது. செல்லிக்கு மட்டும் அளவு குறைந்திருந்தது. மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி ரத்தம், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று மாதம். மூன்றை முதலில் கொண்டுபோங்கள், அவள் பிறகு வரட்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறந்தது முதல் கருப்பனின் வயிற்றில் தலை வைத்தே உறங்கிப் பழகியவளைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. கணவர் முன்னால் சென்று வீடு பார்த்தார், நான் காத்திருந்தேன். ஆகவே, வேலையில் சேரும் தேதியை உறுதி செய்யும் முன்பே நான்கு பூனைகளுக்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள். தடுப்பூசியை இடைவெளி விடாமல் புதுப்பித்து வந்தால் ஒருமுறை கிடைத்த நல்ல முடிவு தொடர்ந்து செல்லும் என்பதால், முன்கூட்டியே செய்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.

அந்தக் காத்திருப்பு வீணாகவும் இல்லை. நான்கு கூண்டுகளையும் கதவைத் திறந்தபடி கூடத்தில் வைத்து, உள்ளே பழைய போர்வையை விரித்து, உணவையும் அங்கேயே வைத்தேன். முதல் மூன்று வாரம் செல்லி கழுத்தை மட்டும் நீட்டித் தின்றாள், பின்னங்கால்கள் வெளியிலேயே நின்றன. புறப்படும் மாதத்தில் தானாகவே உள்ளே போய் உறங்கினாள். பயணத்துக்காக நாங்கள் செய்தவற்றில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

விமானத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு பயணிக்கு ஒரு பூனையையே கேபினில் அனுமதிக்கின்றன. பையோடு சேர்த்து 8 கிலோ என்பது பரவலான வரம்பு. ஒரு விமானத்தில் இத்தனை விலங்குகள்தான் என்ற கட்டுப்பாடும் உண்டு. எனவே விலங்குகளுக்கான இடத்தை உறுதி செய்த பிறகே உங்கள் டிக்கெட்டை எடுங்கள். என் கணவர் திரும்பி வந்ததே இரண்டாவது பூனைக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். பயந்த சுபாவம் கொண்ட செல்லியும் மீனுவும் எங்களோடு கேபினில் வந்தார்கள். மற்ற இருவரும் காற்றழுத்தமும் வெப்பமும் சீராக்கப்பட்ட சரக்குப் பகுதியில் வந்தார்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டாம். உயரத்தில் அது சுவாசத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடும், மயங்கிய விலங்கை ஏற்க மறுக்கும் நிறுவனங்களும் உண்டு. பாதுகாப்புச் சோதனையில் பூனையைப் பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வார்கள். அந்த இரைச்சலில் அது கைநழுவினால் பிடிப்பது மிகக் கடினம். முன்பே உடலைச் சுற்றிக் கட்டும் வாரை (ஹார்னஸ்) அணிவித்து, கதவு மூடிய தனி அறை கேளுங்கள். செல்லியின் நகங்கள் என் தோளில் பதிந்திருந்த அந்த இரண்டு நிமிடங்களில் அவளுடைய இதயத் துடிப்பை என் கழுத்தில் உணர்ந்தேன்.

அரசு மருத்துவரின் ஒப்புதல் பெற்ற உடல்நலச் சான்றிதழ், வழங்கிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் ஐரோப்பிய நுழைவாயிலில் சரிபார்க்கப்பட வேண்டும். உரிமையாளரும் விலங்குகளும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்ய வேண்டும். ஃபிராங்ஃபர்ட்டில் ஒவ்வொரு சிப்பையும் படித்து, தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓர் இலக்கம் பிசகினாலும் சிக்கல் என்பதால், நான்கு சான்றிதழ்களையும் கையில் வாங்கிய உடனேயே எண்களை உரக்கப் படித்துச் சரிபாருங்கள்.

வந்த பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சரக்குப் பகுதியில் வந்த கருப்பனின் மேல் வேறு வாடை ஏறியிருந்ததால், செல்லி அவனை அடையாளம் தெரியாமல் சீறினாள். பூனைகள் ஒன்றையொன்று பெரிதும் மோப்பத்தால்தான் அறிகின்றன. இருவரையும் வேறு வேறு அறையில் வைத்து, துவைக்காத பழைய போர்வையைத் தினமும் மாற்றி மாற்றிப் போட்டேன். சாப்பாட்டில் கவனமாக இருங்கள்: இரண்டு மூன்று நாள் ஒன்றுமே உண்ணாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே நான்கும் ஒரே தட்டில் உண்ண விடாமல் யார் எவ்வளவு தின்றார்கள் என்பதைத் தனித்தனியே பாருங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கு பூனைகள் என்பதை வீட்டு உரிமையாளரிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இன்னொன்று, ஜெர்மன் வீடுகளில் மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்து திறக்கும் ஜன்னல்கள் உண்டு. அந்த இடுக்கு வழியே வெளியேற முயலும் பூனை நழுவி, கீழே குறுகும் பிளவில் சிக்கிக்கொள்ளும். உள்ளுறுப்புகள் நசுங்கிப் பூனைகள் இறக்கின்றன. காற்றுக்காக ஜன்னலைச் சாய்த்து வைக்கும் முன் அதற்கான தடுப்பு வலையைப் பொருத்திவிடுங்கள். நாங்கள் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே அதைத்தான் செய்தோம். பன்னிரண்டாம் நாள் காலையில், வலை போட்ட அந்த ஜன்னலின் கீழே, செல்லி மறுபடி கருப்பனின் வயிற்றில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தாள்.