வாசகர் கேள்வி: வளைவுப் பலகைகளும் இரும எண்களும்

கேள்வி: கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் எண் பலகை உண்டு. பேருந்தில் வரும்போது அந்த எண்களை 1-இலிருந்து இரும முறையில் (0, 1 என்ற இரு இலக்கங்களால் மட்டும்) எழுதி, இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டே போனேன். 1, 110, 11011, 11011100 என வந்தவற்றைப் பதின்ம முறைக்கு மாற்றினால் 1, 6, 27, 220 ஆகின்றன. இதற்கு விதி உண்டா? ஒன்றுகளே அதிகமாக வருவது ஏன்?
– 11-ஆம் வகுப்பு மாணவி, மசினகுடி

பதில்: விதி எளிது. பதின்ம எண்ணின் வலப்புறம் ஒரு பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் அது பத்து மடங்காவதைப் போல, இரும எண் இரு மடங்காகும். ஆகவே, புதிய எண்ணில் எத்தனை இலக்கங்கள் உள்ளனவோ அத்தனை முறை பழைய விடையை இரட்டித்து, பிறகு புதிய எண்ணைக் கூட்ட வேண்டும். 4 முதல் 7 வரை மூன்று இலக்கங்கள் என்பதால் 8-ஆல் பெருக்குகிறோம்: 27×8+4=220; அடுத்து 1765, 14126, 113015. எட்டாம் வளைவில் பெருக்கும் எண் 16 ஆகி, விடை 1808248-க்குத் தாவுகிறது. 36-ஆம் வளைவில் 159 இரும இலக்கங்கள் சேர்ந்திருக்கும். பதின்மத்தில் அது 48 இலக்க எண். சாதாரண கால்குலேட்டர் அதற்கு வெகு முன்பே கைவிரித்துவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்வியே எனக்கு அதிகம் பிடித்தது. எந்த இரும எண்ணும் 1-இல்தான் தொடங்கும். ஒன்றுகள் மிகுவதற்குக் காரணம் அது மட்டுமே. 8 முதல் 15 வரையிலான எண்களில் முதல் இலக்கத்தை நீக்கிப் பாருங்கள்: எஞ்சிய மூன்று இடங்களில் எல்லாச் சேர்க்கைகளும் ஒவ்வொரு முறை வருவதால், ஒன்றும் பூஜ்ஜியமும் தலா 12. முன்னால் நிற்கும் எட்டு ஒன்றுகள்தான் உபரி. எண்கள் நீளமாக நீளமாக அந்த ஒற்றை உபரியின் எடை குறைகிறது. 1023 வரை ஒட்டினால் 9217 இலக்கங்களில் 5120 ஒன்றுகள், அதாவது ஏறத்தாழ 55.5 விழுக்காடு, 1048575 வரை சென்றாலும் அது 52.6-க்குத்தான் இறங்குகிறது. பாதியை நெருங்கும், ஆனால் மாட்டுவண்டி வேகத்தில்.

இதே வரிசையின் முன்னால் ஒரு புள்ளி வைத்தால் 0.11011100101… என்ற இரும பின்னம் கிடைக்கும், பதின்மத்தில் 0.86224… ஆகும். 0.123456789101112… என்ற பதின்ம வடிவில் ஒரே நீளமுள்ள எல்லா இலக்கத் தொகுதிகளும் இறுதியில் சம விகிதத்தில் வரும் என்று கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த சாம்பர்நவுன் 1933-இல் நிறுவினார். இரும வடிவுக்கும் அது பொருந்தும்.

ஒரு சரிபார்ப்பு: 15-ஆம் வளைவு முடிந்ததும் உங்கள் குறிப்பேட்டில் 32 ஒன்றுகளும் 17 பூஜ்ஜியங்களும் இருக்க வேண்டும். இல்லையென்றால், திருப்பத்தில் ஏதோ ஒரு பலகையைத் தவறவிட்டிருப்பீர்கள்.